பிளசர் நைனா டெல்லிக்கு அனுப்பிய இரண்டு விரல்

செஞ்சியில் அந்த நாளில் இந்திய சர்க்காரின் நிதி மந்திரிக்கு யோசனை சொல்லும் தகுதி ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவருடைய காரின் இடது பக்கக் கதவு திறக்காது.

கதவுக்கும் மந்திரிக்கும் என்ன ஐயா சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிளசர் நைனாவைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். அறுபதுகளில் நான் செஞ்சி தபாலாபீசில் குமாஸ்தா. கல்யாணமாகாத கட்டை. கடைத்தெருவில் ஒரு வெல்ல மண்டியின் மாடியறையில் வாசம். வாடகைக்கு ஓடும் காருக்கு அந்தப் பக்கத்தில் பிளசர் என்று பெயர். அப்பாவை நைனா என்பார்கள். ஊரில் ஓடிய ஒரே பிளசருக்கு அவரே சொந்தக்காரர், அவரே டிரைவர், அவரே மெக்கானிக். ஆகவே பச்சைக் குழந்தை முதல் பல் போனவர் வரை எல்லாருக்கும் அவர் பிளசர் நைனா. பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். தபாலாபீசில் உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரியாது. அவருக்கு வரும் கடிதங்களில் 'பிளசர் நைனா, செஞ்சி' என்றுதான் விலாசம் இருக்கும், ஒரு கடிதம்கூடத் தவறியதில்லை.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் செய்த கம்பெனி வடக்கே எங்கேயோ இருந்தது. பெயர் வேண்டாம், வம்பு. அந்தக் கார் சமதளத்தில் நின்றால் நின்றதுதான், புறப்படாது. அதனால் கோட்டைக்குப் போகும் ரோட்டில் ஒரு சரிவு பார்த்துத்தான் நைனா அதை நிறுத்துவார். உருட்டிவிட்டால் பாதி தூரத்தில் இருமும், முக்கால் தூரத்தில் புகை விடும், சரிவு முடிகிற இடத்தில் மனசு இருந்தால் ஓடும். மனசு இல்லையென்றால் ஏறியவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஹாரன் கிடையாது. நைனாவே தலையை வெளியே நீட்டி "ஓரம்! ஓரம்!" என்று கத்துவார். ஓட்டும் சீட்டில் ஸ்பிரிங் எல்லாம் போய்விட்டது. வேர்க்கடலையை அங்கே மல்லாட்டை என்பார்கள், அந்த மல்லாட்டைத் தோல் அடைத்த கோணிமூட்டை மேல்தான் நைனாவின் ஆசனம். ரேடியேட்டருக்கு ஓயாத தாகம். திண்டிவனம் போகும் வழியில் எந்தக் கிணற்றில் கயிறு அறுந்திருக்கிறது, எந்தக் கிணற்றுக்காரர் கோபக்காரர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இந்தக் காரை அவர் திட்டாத திட்டு கிடையாது. ஆனால் வேறு யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். கோட்டையைப் பார்க்க மெட்ராசிலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷர் "என்னப்பா, டப்பா வண்டி" என்று சொல்லிவிட்டார். நைனா நடுரோட்டில் பிரேக் போட்டார். அது பிடிப்பதற்கு இன்னும் ஒரு பர்லாங்கு ஆயிற்று. நின்றதும் சொன்னார்.

"எறங்குங்க. பெத்தவன் திட்டலாம். வாடகைக்கு ஏறுனவன் திட்டக்கூடாது."

பெரிய மனுஷர் வெயிலில் இரண்டு மைல் நடந்து ஊருக்கு வந்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்டு அதே காரில்தான் திண்டிவனம் போனார். வேறு கார் இல்லையே, என்ன செய்வார்?

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில், வெல்ல மண்டிக்காரர் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். எனக்கு மாடியறை கொடுத்திருந்த அதே மண்டிக்காரர்தான்.

"நைனா, உன் வண்டி கம்பெனிக்கு மூச்சு முட்டுதாம்யா. சர்க்கார்கிட்ட கை நீட்டிக்கினு நிக்கறான். குடுக்கலன்னா இழுத்து மூடிடுவானாம்."

நைனா டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"குடுக்கக் கூடாது."

கடையே திரும்பிப் பார்த்தது.

"இன்னா நைனா இது! கம்பெனி மூடிட்டா ஸ்பேர் பார்ட்டுக்கு எங்க போவ? இந்தத் தாலுகாவுலயே அந்த வண்டி வச்சிருக்கறது நீ ஒருத்தன்தான்."

"அதனாலதான் சொல்றன். அவன் வண்டிய பத்து வருசமா தள்ளிக்கினு இருக்கறவன் நான். என்னைவிட எவனுக்குத் தெரியும்? கிளம்பற மாதிரி ஒரு வண்டி செய்யத் தெரியாதவன் கையில ஊர்த் துட்டக் குடுத்தா இன்னா செய்வான்? கிளம்பாத வண்டியா இன்னும் ரெண்டாயிரம் செய்வான்!"

ஆயில் மில்லில் மூட்டை தூக்கும் ஓர் ஆள் பெஞ்சின் கோடியிலிருந்து மெதுவாகச் சொன்னார். "மூடுனா மொதலாளி பங்களாவுல ஃபேன் போட்டுக்கினு படுத்திருப்பான் நைனா. தெருவுக்கு வர்றது வேலைக்காரன்தான?"

நைனா மீசையைத் தடவினார். "அதுவும் நாயம்தான்" என்றார். பிறகு சட்டென்று எழுந்தார். "அப்ப ஒண்ணு செய்யணும். செஞ்சி இன்னா நெனைக்குதுன்னு கேட்டு டெல்லிக்கு எழுதிடணும். நம்ம துட்டத்தான குடுக்கப் போறான்? நம்மள ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். எதிரில் வந்தவரையெல்லாம் நிறுத்தி, "கம்பெனிக்குக் குடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். இரண்டே நாளில் சலித்துப்போய் என் கவுண்டருக்கு வந்தார்.

"போஸ்டு சார், இந்த ஊரு ஜனங்க நல்ல ஜனங்க இல்ல சார். ஒரு ஆளு, மில்லு வாசல்ல கேட்டா குடுக்கலாம்ன்றான். அதே ஆளு மண்டி வாசல்ல கேட்டா கூடாதுன்றான். பக்கத்துல எவன் நிக்கறானோ அவனுக்குத் தகுந்த பேச்சு பேசறான். இத எப்பிடி டெல்லிக்கு எழுதறது?"

வழியும் அவரே கண்டுபிடித்தார். செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை பேர் போனது. அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகரும் ஆட்டுக்காரரும் கைகளைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்து அழுத்திப் பேரம் நடக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் பிடித்ததை வெளியே சொன்னவன் அப்புறம் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. அப்படி ஒரு கட்டுப்பாடு. நைனா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்றால் ஒரு விரல், கூடாது என்றால் இரண்டு விரல்.

அதற்குப் பிறகு செஞ்சியில் யாரும் நிம்மதியாகக் காரில் போகவில்லை. இடது கையைத் துண்டுக்குள் நீட்டியபடி வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "உங்க விரலக் குடுங்க" என்பார். வல்லத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது மாப்பிள்ளையிடம் வாங்கினார், மாமனாரிடம் வாங்கினார், நாதஸ்வரக்காரரிடம் வாங்கினார். தாலி கட்டும் நேரத்துக்கு மாப்பிள்ளை போய்ச் சேரவில்லை. மாமனார் இரண்டு மனதாக இருந்ததால், அவர் முடிவு செய்யும் வரை நைனா காரை ஒரு கிணற்றடியில் நிறுத்தி வைத்திருந்தாராம்.

ஆட்டுத் தரகர் ஒருவரின் மனைவியைப் பிரசவத்துக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. முன் சீட்டில் இருந்த தரகரிடம் துண்டை நீட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பின் சீட்டில் அந்தம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. கைக்கு அகப்பட்டது நைனாவின் கை. ஐந்து விரலையும் சேர்த்து நொறுக்கிவிட்டார். மறுநாள் வீங்கிய கையோடு வந்து நைனா என்னிடம் விளக்கினார்.

"அது செல்லாத ஓட்டு சார். துண்டு இல்லாம புடிச்சது. அதனால உங்ககிட்ட சொல்லலாம்."

"குழந்தை?"

"ஆம்பளப் பிள்ள. நல்லா இருக்குது. கை வீங்கனா இன்னா, வண்டி ஒரு எடத்துலகூட நிக்கல சார்! பொறந்ததுலேர்ந்து மொத தடவ!"

இன்னொரு சிக்கலும் வந்தது. ஒருவர் ஒன்றரை விரல் பிடித்துவிட்டார். "யாருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டன்" என்றார் நைனா. கேட்கவே வேண்டியதில்லை. பேரத்தில் முழு விரல் பிடித்துப் பழக்கமே இல்லாதவர் ஊரில் ஒருத்தர்தான், அந்தத் தரகர். கேட்டதில் பாதி கொடுத்துப் பார்க்கலாம் என்பது அவர் அபிப்பிராயம் போலிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் டெல்லியிலும் பாதிப் பேர் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

கணக்கைக் காரின் உட்கூரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கோடாகப் போட்டு வைத்தார். ஒரு மழையில் கூரை ஒழுகி ஒரு பக்கத்துக் கோடெல்லாம் அழிந்துவிட்டது. மனுஷர் அசரவில்லை. தளவானூர் வரைக்கும் போய், ஏற்கனவே விரல் கொடுத்தவர்களிடம் மறுபடியும் விரல் வாங்கிவந்தார்.

கடைசியில் எண்ணிப் பார்த்ததில் கொடுக்கக் கூடாது என்ற பக்கம் தெளிவாக ஜெயித்தது. நைனா நிதி மந்திரிக்குத் தந்தி அடிக்க வந்தார். இரண்டு பக்கத்துக்குச் சொன்னார். வார்த்தைக்கு இவ்வளவு என்று நான் சொன்னதும் ஒரு பக்கமாகச் சுருக்கினார். பிறகு பத்து வரி. பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இப்பிடிப் போடுங்க சார்" என்றார். 'செஞ்சி அபிப்பிராயம் இரண்டு விரல். பிளசர் நைனா.'

"நைனா, டெல்லியில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது."

"ஏன் புரியாது? ஆட்டுச் சந்தையே இல்லாத ஊரா அது?"

நான் அடித்துவிட்டேன். எனக்கென்ன போயிற்று?

பத்து நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். எல்லையில் சண்டை நடந்து முடிந்திருந்த காலம், யாரைப் பார்த்தாலும் சந்தேகம். மேலிடத்திலிருந்து காகிதம் வந்திருந்ததாம். சரிவில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த நைனாவைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், ரெண்டு விரல்னா இன்னாய்யா? எவனுக்குச் சிக்னல் குடுக்கற?"

நைனாவின் முகம் பூரித்துப்போனது. "அட, மந்திரிக்குப் போய்ச் சேந்துடுச்சா!"

ஏட்டை முன் சீட்டில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முதலிலிருந்து எல்லாம் விளக்கி, முடிவில் துண்டை எடுத்து, "நீங்களும் உங்க கையக் குடுங்க ஏட்டய்யா" என்றார். ஏட்டு கொடுத்தார். பதில் அறிக்கையைத் தபாலில் சேர்க்க வந்தபோது என்னிடம் வாசித்தும் காட்டினார். 'விசாரித்ததில் மேற்படி நபரால் பொதுமக்களுக்கு அபாயம் ஏதும் இல்லை. மேற்படி வாகனத்தால் உண்டு.'

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல்தான் விஷயம்.

அடுத்த அமாவாசைக்கு நைனா மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குச் சவாரி போனார். ஸ்பெஷல் பஸ்சில் இடம் கிடைக்காத ஆறு பேர் உள்ளே. மத்தியானம் திரும்பி வரும்போது, செஞ்சிக்கு நாலு மைல் இருக்கையில், 'டொக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் ஒன்று தனியாகக் கழன்று, காரை முந்திக்கொண்டு ஓடி, ஒரு மல்லாட்டைக் கொல்லைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஆக்சில் முறிந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கார் ஊருக்கு வந்த காட்சியை நான் தபாலாபீஸ் வாசலில் நின்று பார்த்தேன். முறிந்த பின்பக்கத்தை ஒரு கட்டைவண்டியின் மேல் தூக்கிக் கட்டி, இரண்டு மாடுகள் இழுத்து வந்தன. கார் பின்புறமாக வந்தது. நைனா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கடைத்தெரு முனையில் திரும்பும்போது கையை வெளியே நீட்டிச் சிக்னலும் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

ஆக்சில் கேட்டு மெட்ராஸ் ஏஜெண்டுக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது. தொழிற்சாலை பூட்டிக் கிடக்கிறது, சர்க்கார் கை கொடுத்தால் திறப்பார்கள், திறந்தால் ஆறு மாதத்தில் ஆக்சில் வரலாம். டீக்கடையில் அதை வாசித்துக் காட்டினேன்.

"இப்ப சொல்லு நைனா" என்றார் மண்டிக்காரர். "கம்பெனிக்குக் குடுக்கலாமா?"

"கூடாது."

"அடப் பாவி, உன் சோறு போவுதுய்யா!"

"என் சோறு போவுதுன்னு பேச்ச மாத்திக்கினா, மில்லு வாசல்ல ஒண்ணு மண்டி வாசல்ல ஒண்ணு பேசனவனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?"

மண்டிக்காரர் அசிங்கமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனார். சாயந்திரம் திரும்பி வந்தார். அவருடைய மண்டிக்குப் பின்னால் பழைய லாரி ஆக்சில் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. பட்டறைக்காரர் ஒருவர் அதைப் பழுக்கக் காய்ச்சி நீட்டித் தருவதாகச் சொன்னார். திண்டிவனம் லேத்தில் கடைந்துவர ஆட்டுத் தரகர் வண்டி கொடுப்பதாகச் சொன்னார். நைனா வாயைத் திறந்து சரி என்றால் போதும், பத்து நாளில் கார் ஓடும்.

நைனா தலையை ஆட்டினார். "வேணாம்."

"ஏன்யா?"

"ஓட்டத் தெரியாதவன் மூடிக்கினு போவணும்னு ஊரெல்லாம் சொன்னவன் நான். டெல்லிக்குத் தந்தி அடிச்சவன் நான். எனக்கு முறிஞ்சதும் ஊரு தூக்கி நிறுத்தணும்னா, அது இன்னா நாயம்?"

"யோவ், கம்பெனிக்குக் குடுத்தா அது எங்க போவுதுன்னு எவனுக்குத் தெரியும்? உனக்குக் குடுத்தா நம்ம கண்ணு முன்னால ஓடும்!"

"அங்க டெல்லியில அவனும் அதத்தான் சொல்லிக்கினு இருப்பான்."

இன்றைக்கு வரைக்கும் எந்தப் பொருளாதார நிபுணரும் இதற்குச் சரியான பதில் சொல்லி நான் கேட்டதில்லை. நைனாவோ திண்டிவனத்துப் பழைய இரும்புக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டார். சனிக்கிழமை வந்து காரை எடைக்கு எடுத்துப்போவதாகப் பேச்சு. அதன்பிறகு யாரிடமாவது லாரி ஓட்டப் போவதாக என்னிடம் சொன்னார். சொல்லும்போது காரின் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கார் போனால் அவருக்கு வேறு ஒன்றும் கிடையாது, பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அவருக்கு அதுதான். ஊருக்கும் அவசரத்துக்கு வேறு கார் கிடையாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. தபாலாபீஸ் குமாஸ்தாவுக்கு வருஷத்துக்கு ஒன்று வரும்.

"நைனா, டெல்லிக்குச் சொல்லும்போது ஊர் அபிப்பிராயம் கேட்டீர்கள். உங்கள் விஷயத்தில் மட்டும் நீங்களாகவே முடிவு செய்கிறீர்களே, இது என்ன ஜனநாயகம்? ஊரைக் கேளுங்கள்."

அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அரைமணி நேரம் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சந்தையில் துண்டு போட்டு ஊரைக் கேட்க வேண்டும். ஊர் கைகொடுத்துக் காரை நிறுத்தலாம் என்றால் ஒரு விரல், கூடாது என்றால் இரண்டு விரல். ஒரே ஒருத்தர் இரண்டு விரல் பிடித்தாலும் கார் இரும்புக்குப் போகும்.

"செஞ்சியில மூணு பேரு ஒரே மாதிரி பேசி நான் பாத்ததில்ல சார்" என்றார்.

துண்டைப் பிடிக்க வேண்டியவன் நான். ஊர்க்காரன் இல்லை, சர்க்கார் ஆள், பொய் சொல்ல மாட்டேன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தவரே நைனாதான். தரகர் எனக்குக் கால்மணி நேரம் விரல் பிடிக்கப் பாடம் நடத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை சந்தையே கார் பக்கம் வந்துவிட்டது. ஆடுகள் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். நான் காரின் மட்கார்டில் உட்கார்ந்து துண்டை விரித்தேன். மில்லுக்காரர்கள் வந்தார்கள், மண்டிக்காரர் வந்தார், பட்டறைக்காரர் வந்தார், ஏட்டு யூனிபாரத்தோடு வந்தார். நடுவெயிலில் இரண்டு மைல் நடந்த மெட்ராஸ் மனுஷர் மட்டும்தான் வரவில்லை. ஒவ்வொரு கையாக உள்ளே வந்தது. ஒரு விரல். ஒரு விரல். ஒரு விரல். தரகர் வந்தபோது துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன். அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அரை இல்லாமல் முழுதாக ஒரு விரல் பிடித்தார். பிடித்துவிட்டு அவருக்கே வியர்த்துவிட்டது.

அவருக்குப் பின்னாலேயே அவர் மனைவி கையில் குழந்தையோடு வந்து நின்றார்.

"எனக்குத் துண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் கூட்டத்துக்கே கேட்கும்படி. "அந்த வண்டி இல்லன்னா இந்தப் பிள்ள இல்ல. இத இரும்புக்கு எடுத்துக்கினு போறவன் எவன்னு நான் பாக்கறன்."

"செல்லாத ஓட்டு" என்றார் நைனா தலையைக் குனிந்துகொண்டு.

எல்லாரும் முடிந்தார்கள். நான் துண்டை மடிக்கப் போனேன்.

"இருங்க சார்" என்றார் நைனா. "நானும் செஞ்சிக்காரன்தான? எனக்கும் ஓட்டு இருக்குது."

"யோவ், வேணாம்யா!" என்று மண்டிக்காரர் கத்தினார். அவர் காதில் வாங்கவில்லை. நேராக வந்து துண்டுக்குள் கையை விட்டார்.

இரண்டு விரல். அழுத்தமாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், இரண்டு விரல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணைக் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு ஆடுகூடக் கத்தவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"எண்ணியாகிவிட்டது. எல்லாரும் ஒரே விரல். ஒருத்தர்கூட இரண்டு பிடிக்கவில்லை."

ஊர் கூத்தாடியது. யாரோ துண்டை வானத்தில் எறிந்தார்கள். நைனாவின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. என்னவென்று சொல்வார்? நான் பொய் சொல்கிறேன் என்று அவர் சொன்னால், துண்டுக்குள் தான் பிடித்ததை வெளியே சொன்னவராக ஆகிவிடுவார். ஆட்டுச் சந்தையின் நடுவில், அத்தனை தரகர்களுக்கும் முன்னால்! மனுஷர் மாட்டிக்கொண்டு நின்றார். நான் துண்டை நிதானமாக உதறி அவர் தோளில் போட்டேன்.

சனிக்கிழமை வந்த இரும்புக்காரரைத் தரகரின் மனைவியே திருப்பி அனுப்பினார். எட்டாம் நாள் லாரி ஆக்சிலோடு கார் சரிவில் இறங்கியது. இருமியது, புகை விட்டது, ஓடியது. டெல்லியில் அந்தக் கம்பெனி விஷயமாக ஒரு கமிட்டி போட்டிருப்பதாக அதே வாரம் பேப்பரில் வந்தது. கமிட்டி என்ன சொன்னது என்று செஞ்சியில் யாரும் அப்புறம் கேட்கவில்லை.

முதல் சவாரிக்கு என்னைத்தான் கூப்பிட்டார். டிரைவர் பக்கம் ஏறித் தாண்டி உட்கார்ந்தேன். வல்லம் தாண்டியது. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒண்ணு எது, ரெண்டு எதுன்னு எண்ணத் தெரியாத ஆளு நீங்க. உங்களப் போயி போஸ்டாபீஸ்ல வச்சிருக்குது பாருங்க கவர்மெண்டு!"

சொல்லிவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று கிணறே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

எனக்கு எண்ணத் தெரியும் ஐயா. அவர் பிடித்தது இரண்டு விரல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மற்றவர்களெல்லாம் அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். அவர் எடுக்கவில்லை. நான் எழுந்து நிற்கும் வரைக்கும், துண்டுக்கு அடியில், என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.